சிங்கிள் கப்பா, டபிள் கப்பா? வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

அண்மைக் காலமாக எமது பகுதிப் பெண்கள் பலர் தனியாகவும் சங்கமாகவும் சேர்ந்து வாகனம் வாங்க முன்வருகின்றனர். கருவாடு, மிளகாய்த்தூள், பால், மரக்கறி, சீமெந்துக்கல் என்று எதைச் செய்து விற்றாலும், அதைக் கொண்டு சேர்ப்பதற்கான கூலி இலாபத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. முச்சக்கர வண்டி போதாது, பெரிய லொறி தேவையில்லை என்ற நிலையில் கப் வாகனத்தின் மீது கண் விழுகிறது. தொழிலுக்கும் உதவும், பிள்ளைகளையும் ஏற்றலாம், தேவைப்பட்டால் பின்னால் ஒரு பெட்டியையும் கொழுவி இழுக்கலாம் என்று எண்ணுகிறோம். அங்கேதான் சிங்கிள் கப்பா, டபிள் கப்பா என்ற கேள்வி எழுகிறது.

கண்ணிவெடி அகற்றும் பணியில் பல வருடங்கள் டபிள் கப் ஓட்டியவள் என்பதால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாகனத்தைப் பார்க்கப் போவதற்கு முன்னர் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுங்கள். யார் ஏறுவார்கள், எது ஏறும், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அதன் பின்னர் வாகனம் பார்க்கப் போங்கள்.

மூன்று வகைகள்

சிங்கிள் கப்பில் முன்னால் ஒரு வரிசை இருக்கை மட்டுமே உண்டு. சாரதியோடு இரண்டு பேர், சில வாகனங்களில் மூன்று பேர் இருக்கலாம். பின்தட்டு ஏறக்குறைய 2.3 மீற்றர் நீளம். டபிள் கப்பில் நான்கு கதவுகள், இரண்டு வரிசை, ஐந்து பேர். அதன் பின்தட்டு ஏறக்குறைய 1.5 மீற்றர் மட்டுமே. இவற்றுக்கு இடைப்பட்டதாக எக்ஸ்ட்ரா கப் என்று ஒன்று உள்ளது. முன் இருக்கைக்குப் பின்னால் சிறிது இடமும், பின்தட்டில் ஏறக்குறைய 1.8 மீற்றரும் இருக்கும். அந்தச் சிறிய இடத்தில் உள்ள மடிப்பு இருக்கைகள் பைகளை வைக்க ஏற்றவை. பிள்ளைகளைத் தூரப் பயணம் கொண்டுசெல்ல ஏற்றவையல்ல.

ஒரே வகை வாகனத்தில் மூன்றினதும் மொத்த நீளம் பெரும்பாலும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். எனவே பின் இருக்கைக்காக நாம் பெறும் இடம் பின்தட்டில் இருந்து வெட்டி எடுக்கப்பட்ட இடமாகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆட்களும் பாரம்தான்

வாகனத்துக்கு இரண்டு எடைகள் உண்டு. ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றையது ஆட்கள், பொருட்கள் எல்லாம் ஏற்றிய பின்னர் தாண்டக் கூடாத மொத்த எடை. பதிவுப் புத்தகத்தில் இவற்றைப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே நாம் ஏற்றக்கூடிய அளவு.

உதாரணத்துக்கு ஒரு டபிள் கப்பின் மொத்த எடை 2,900 கிலோ, வெறும் வண்டி 1,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 950 கிலோ. அதே 2,900 கிலோ எல்லை கொண்ட சிங்கிள் கப், வெறும் வண்டி 1,750 கிலோ என்றால் 1,150 கிலோ ஏற்றலாம். கதவுகளும் இருக்கைகளும் கூரையும் குறைவதால் வரும் இலாபம் அது.

இப்போது ஆட்களை ஏற்றுவோம். ஆளுக்கு 60 கிலோ என்று பார்த்தால், டபிள் கப்பில் ஐந்து பேருக்கு 300 கிலோ போய்விடும். மிஞ்சுவது 650 கிலோ. 50 கிலோ சீமெந்துப் பை 13 ஏற்றலாம். சிங்கிள் கப்பில் இரண்டு பேர் போக 1,030 கிலோ மிஞ்சும். அதில் 20 பை ஏற்றலாம்.

குடிதண்ணீர் ஏற்றுபவர்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 1,000 கிலோ. குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு டபிள் கப்பில் அதைக் கொண்டுசெல்ல முடியாது. பாதி நிரப்பினால் போதும் என்று நினைக்கவும் கூடாது. பாதித் தாங்கியில் தண்ணீர் அலைமோதி, வளைவில் வண்டியை ஒரு பக்கம் தள்ளும்.

பின்னால் இழுப்பதானால்

"டபிள் கப்பை வாங்கி, பாரத்துக்கு ஒரு பெட்டியைக் கொழுவினால் இரண்டு வேலையும் முடியுமே" என்று பலர் கேட்கின்றனர். முடியும். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு.

தனியான பிறேக் இல்லாத இழுவைப் பெட்டிக்குப் பெரும்பாலான கப் வாகனங்களில் தயாரிப்பாளர் விதிக்கும் எல்லை 750 கிலோ. அந்த 750 கிலோவுக்குள் பெட்டியின் சொந்த எடையும் அடக்கம். பெட்டி 250 கிலோ என்றால் 500 கிலோ பொருளே ஏற்றலாம். மேலும் பெட்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொழுவியின் மீது அழுத்தும். 750 கிலோப் பெட்டி என்றால் 75 கிலோ. இதை வாகனத்தில் ஏற்றக்கூடிய அளவிலிருந்து கழிக்க வேண்டும்.

பெட்டிக்குள் பாரத்தை அடுக்கும்போது சில்லுகளுக்கு முன்புறம் சற்று அதிகமாக இருக்க வேண்டும். பின்புறம் பாரம் கூடினால் பெட்டி வாலைப் போல ஆடத் தொடங்கி வாகனத்தையும் இழுத்துச் சாய்க்கும். கொழுவி வாகனத்தின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். பம்பரில் ஒட்டியது இழுப்பதற்கு அல்ல. கொழுவி கழன்றாலும் பெட்டி தனியே ஓடாதபடி சங்கிலி வேண்டும். பின் விளக்குகள் எரிய வேண்டும். இரவில் மாடுகள் படுத்திருக்கும் எமது வீதிகளில் பெட்டியோடு வரும் வாகனம் நிற்பதற்குக் கூடிய தூரம் எடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. லாண்ட்மாஸ்டர் பெட்டிகள் மெதுவாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் கப்பில் கொழுவி வேகமாக இழுப்பது ஆபத்து. பெட்டிக்கும் தனியே பதிவு வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் அதை இழுக்க இடமளிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே மோட்டார் வாகனத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்தட்டு இருக்கை அல்ல

2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது நாம் எதில் ஏறினோம் என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானைக்கும் கூரைத் தகரத்துக்கும் மேலே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. உயிரைக் காக்க அதுவே கிடைத்தது.

ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் பிள்ளைகளைப் பின்தட்டில் நிறைத்துக்கொண்டு போகும் வாகனங்களை இன்றும் காண்கிறோம். பின்தட்டில் பட்டி இல்லை, பிடிப்பதற்கு எதுவும் இல்லை. சடுதியாகப் பிறேக் பிடித்தால் முதலில் தூக்கி எறியப்படுவது பாரம் குறைந்த பிள்ளைதான். காப்புறுதிப் பத்திரத்தில் எத்தனை பேருக்குப் பாதுகாப்பு என்று குறிப்பிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் நட்டஈடும் கேள்விக்குறியாகிவிடும். ஆகவே சிங்கிள் கப் வாங்குபவர்கள் "பிள்ளைகள் பின்னால் இருப்பார்கள்" என்று கணக்குப் போடவே கூடாது. இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான்.

ஏறி இறங்கிப் பாருங்கள்

விற்பவர் எஞ்சினைக் காட்டுவார், ரயரைக் காட்டுவார். நீங்கள் உங்கள் வீட்டாரை ஏற்றிப் பாருங்கள். நான்கு சில்லும் இழுக்கும் டபிள் கப்புகள் நிலத்திலிருந்து உயரமானவை. செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் அந்தப் படியில் ஏற முடிகிறதா? பின் இருக்கையில் முழங்காலை மடித்து வைக்க இடம் உண்டா? சக்கர நாற்காலி மடித்த பின்னர் எங்கே வைக்கப்படும்? இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் சில வகைகள் தாழ்வானவை. அவை இவர்களுக்கு இலகுவாக இருக்கும்.

இடது காலை இழந்த சகோதரி ஒருவர் தானே ஓட்ட விரும்பினால், கிளச் இல்லாத ஓட்டோ கியர் வாகனத்தைத் தேட வேண்டும். உடலில் செல் துண்டுகளோடும் முதுகு வலியோடும் வாழ்பவர்களைக் கிறவல் வீதியில் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி இருத்திப் பாருங்கள். பின் இருக்கை பின்சில்லுக்குக் கிட்ட இருப்பதால் முன் இருக்கையை விடக் குலுக்கம் அதிகம். பின் இருக்கை நடுவில் இருப்பவருக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டி உண்டா என்றும் பாருங்கள். பழைய வாகனங்கள் பலவற்றில் அது இருக்காது.

இரண்டு வீட்டுக் கணக்குகள்

எனது அக்கா சீமெந்துக்கல் அரிந்து விற்பவர். வீட்டில் அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அவரும். அத்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். அக்காவுக்கு டபிள் கப்தான் வேண்டும். "பிள்ளைகளை ஏத்தேலாத வாகனம் எனக்கேன்?" என்று கேட்டார். அந்த வார்த்தைக்குள் வேறொன்றும் இருந்தது. எமது பகுதியில் டபிள் கப் என்றால் அதிகாரிகளும் நிறுவனத்தவர்களும் வந்து இறங்கும் வாகனம். தன் பிள்ளைகளும் அப்படி ஒரு வாகனத்தில் கதவைத் திறந்து இறங்க வேண்டும் என்ற ஆசை ஒரு தாய்க்கு இருப்பதில் தவறில்லை.

இருவரும் இருந்து எழுதினோம். அக்கா அரியும் கல்லைத் தராசில் வைத்தோம், 15 கிலோ. சாரதியும் உதவியாளும் போனால் சிங்கிள் கப்பில் ஒரு நடைக்கு 68 கல், டபிள் கப்பில் 55 கல். டபிள் கப்பில் பெட்டி இழுத்தால் வண்டியில் 50, பெட்டியில் 33, மொத்தம் 83. அதனால் பெட்டிதான் இலாபம் போலத் தெரிந்தது. ஆனால் கல் இறக்கும் வளவுகளுக்குப் போவது மணல் ஒழுங்கைகளால். பெட்டியோடு பின்னால் எடுத்துத் திருப்ப அங்கே இடமில்லை. பெட்டியின் விலை, அதன் ரயர், பதிவு எல்லாம் தனிச் செலவு.

பிறகு ஒரு வருடத்தில் ஐந்து பேரும் சேர்ந்து பயணம் போன நாட்களை எண்ணினோம். பொங்கல், இரண்டு கலியாணம், ஒரு அந்தியேட்டி, வவுனியாவில் சின்னம்மா வீடு என்று ஏழு நாட்கள். கல் ஏற்றும் நாட்களோ வாரத்தில் ஐந்து. ஏழு நாளைக்கு வான் வாடகைக்குப் பிடிக்கும் செலவு, இரண்டு வாகனங்களின் விலை வித்தியாசத்துக்குக் கிட்டவும் வரவில்லை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக முன் இருக்கை போதும். அக்கா கொப்பியை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய சிங்கிள் கப் ஒன்றையே வாங்கினார். பிள்ளைகள் பின்தட்டில் ஏறுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பக்கத்துக் கிராமத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து மிளகாய்த்தூளும் மாவும் இடித்து விற்கின்றனர். அவர்களது பாரம் ஒரு நடைக்கு 250 கிலோவைத் தாண்டாது. ஐவரும் ஒன்றாகவே சந்தைக்கும் கண்காட்சிக்கும் போகின்றனர். இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். இருவருக்குச் செயற்கைக் கால். கதவைப் பூட்டிக்கொண்டு ஐவரும் உள்ளே இருந்து வருவது அவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு. அவர்களுக்கு நான் தயங்காமல் டபிள் கப் என்றேன். பாரம் அதிகம், ஆள் குறைவு என்றால் சிங்கிள் கப். ஆள் அதிகம், பாரம் குறைவு என்றால் டபிள் கப். இரண்டும் அதிகம் என்றால் ஒரே நடையில் இரண்டையும் ஏற்ற முயல வேண்டாம்.

புத்தகம் யாருடைய பெயரில்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும் விலைகள் எம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளன. எனவே பலர் பழைய வாகனத்தை லீசிங்கில் எடுக்கின்றனர். தவணை தவறினால் வாகனம் பறிபோகும். மழைக்காலத்தில் தொழில் படுத்தாலும் கட்டக்கூடிய தொகையா என்று பாருங்கள்.

சிங்கிள் கப் பொதுவாக லொறி வகுப்பிலும், டபிள் கப் ஆட்களும் பொருட்களும் ஏற்றும் இரட்டைப் பாவனை வகுப்பிலும் பதியப்படும். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இதைப் பொறுத்தே அமையும். வாங்குமுன் இரண்டுக்கும் ஆகும் வருடச் செலவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். தவணை கட்டுவது பெண், புத்தகத்தில் இருப்பது தம்பியின் அல்லது மைத்துனரின் பெயர் என்ற நிலை எமது பகுதியில் சாதாரணம். உறவு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. உழைப்பவரின் பெயரே பதிவில் இருக்கட்டும். சங்கமாக வாங்கினால் யார் பொறுப்பு, யார் ஓட்டுவது, பழுது பார்க்கும் பணம் எங்கிருந்து என்பதைக் கூட்ட அறிக்கையில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

சகோதரிகளே, வாகனம் வாங்கப் போகும்போது ஆலோசனை சொல்லப் பலர் கூட வருவார்கள். வரட்டும். ஆனால் உங்கள் கொப்பியையும் கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், உங்கள் தொழிலின் பாரம் எத்தனை கிலோ, உங்கள் அம்மாவுக்கு எந்தப் படி உயரம் என்பதை விற்பவரை விட நீங்களே நன்கு அறிவீர்கள்.