கடல் கடந்து வந்த காக்கா ஆழி

காத்திவாக்கத்தை ஒட்டிய எண்ணூர்க் கழிமுகத்தில், தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது பழைய தொழில். வலை வேண்டாம், படகும் வேண்டாம். பத்து விரலும், பிடித்ததைப் போட ஓர் ஓலைப் பறியும் இருந்தால் போதும். அன்றைய அடுப்பு எரிந்துவிடும்.

இப்போது துழாவுகிற கைக்கு முதலில் தட்டுப்படுவது சேறு அல்ல. கூரான ஓடு!

அதுதான் காக்கா ஆழி. கறுத்த நிறத்துக்கு ஏற்ற பெயர். இரண்டு மூடி கொண்ட சிப்பி. நத்தைக்குத் தூரத்து உறவு. சுண்டுவிரல் நீளம்கூட இராது. விஞ்ஞானிகள் இதை 'மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா' என்பார்கள். காக்கா ஆழி என்பதே வாய்க்குச் சுலபம்.

இதன் பிறந்த வீடு எண்ணூர் அல்ல, இந்தியாவே அல்ல. பூமியின் மறுபக்கம்! மெக்சிகோ முதல் ஈக்குவடார் வரை ஒரு கரை. வெனிசுலா முதல் அர்ஜென்டினா வரை மறு கரை. அங்கிருந்து இங்கே எப்படி வந்தது?

கப்பல் வயிற்றில் பயணம்

சிப்பிக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. கல்லிலோ கட்டையிலோ நார் விட்டு ஒட்டிக்கொண்டு காலம் தள்ளும் பிராணி. ஆனால் குஞ்சுப் பருவத்தில் அது கண்ணுக்குத் தெரியாத தூசு மாதிரி நீரில் மிதந்து திரியும். அந்தப் பருவம் நெடுநாள் நீடிப்பதில்லை. அதற்குள் இத்தனை பெரிய சமுத்திரத்தைத் தானாகக் கடப்பது நடக்காத காரியம்.

கடத்தி வைத்தது கப்பல். சரக்கை இறக்கிய கப்பல் லேசாகிவிடும். அலையில் தள்ளாடாமல் இருக்க, துறைமுகத்துத் தண்ணீரையே தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். இன்னொரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டிவிடும். அந்த நீரோடு குஞ்சுகளும் இறங்கும். டிக்கெட் இல்லாப் பிரயாணிகள்! வளர்ந்த சிப்பிகள் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வருவதுண்டு.

அது போன வழியைப் பாருங்கள். 1986-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வழியில் அகப்பட்டது. 2014-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா விரிகுடா. 2016-ல் சிங்கப்பூர். 2019-ல் கேரளத்துக் காயல்களில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பிறகு எண்ணூர். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் வரிசையாக இருக்கும் கரை இது. எந்தக் கப்பல் கொண்டுவந்தது என்று விரல் நீட்டுவது முடியாத காரியம். அமெரிக்காவிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஒரு வாரம்கூட ஆகாது.

ஓட்டுப் பிராணிகளை மனிதன் இடம் மாற்றுவது புதிதும் அல்ல. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்காரர், மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்த இரண்டே இரண்டு ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைக் கல்கத்தாவில் நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். நண்பர் அவற்றைத் தோட்டத்தில் விட்டார். இன்று இந்தியாவில் பல மாநிலத்துத் தோட்டக்காரர்கள் அந்த நத்தையோடு மல்லாடுகிறார்கள். அது ஆசையாக வளர்க்கக் கொண்டுவந்தது. காக்கா ஆழியையோ யாரும் அழைக்கவே இல்லை.

அங்கே சோறு, இங்கே பட்டினி

வேடிக்கை என்னவென்றால், பிரேசில் நாட்டில் மசேயோ நகரத்துக் காயலில் ஏழை மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போடுவதே இந்தச் சிப்பிதான். அங்கே இதன் பெயர் 'சுருரு'. அள்ளி, அவித்து, சதையை எடுத்து விற்கிறார்கள்.

இங்கே கதை வேறு. காக்கா ஆழி சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படர்கிறது. இறாலுக்குச் சேறுதான் வீடு; சேறுதான் மேய்ச்சல் நிலம். வீட்டுக்குக் கூரைமேல் கூரையாக ஓடு போட்டு அடைத்துவிட்டால் இறால் எங்கே போகும்? மஞ்சள் மட்டி போன்ற உள்ளூர்ச் சிப்பிகளுக்கும் இடம் இல்லை. இறங்குகிறவர்களின் கைகால்களை ஓடு கிழிக்கிறது.

பிரேசிலில் தின்கிறார்களே, இங்கேயும் தின்னலாமே என்று தோன்றும். சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது. ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த நீரில் அது எதையெல்லாம் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் இதே கழிமுகத்தில்தான் வந்து படிந்தது.

கொல்வதும் லேசல்ல. ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்தாலும் தாங்கும். கடலளவு உப்பையும் தாங்கும். இரை குறைந்தால் பெண் சிப்பி ஆணாக மாறிவிடுவதையும் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்!

மீனவர்கள் மனுக் கொடுத்தார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. இயந்திரத்தால் வாரி எடுக்கலாம். ஆனால் நீரில் மிதக்கும் குஞ்சை எந்த இயந்திரம் வாரும்? கப்பல்கள் தொட்டி நீரைச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும் என்று 2004-ல் உருவான சர்வதேச ஒப்பந்தம், 2017 செப்டம்பர் 8-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. சிங்கப்பூர்க் கரையில் காக்கா ஆழி ஒட்டி அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எண்ணூர்க் கழிமுகத்தையும் வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. பழவேற்காட்டிலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. காக்கா ஆழி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.