மேற்சபை நீங்கிய வகை

சட்டம் இயற்றச் சபை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மக்கள் 1934ஆம் ஆண்டில் தாமே நேரில் வாக்களித்து, ஒன்றே போதுமெனத் துணிந்தனர். அவ்வேற்பாடு 1937இல் தொடங்கிற்று. சென்னை மாகாணம் மேற்சபை பெற்றதும் அவ்வாண்டிலேயாம்.

நிற்க. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி, மேற்சபையாருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரை ஸ்தல ஸ்தாபன உறுப்பினரும், பன்னிரண்டிலொரு பங்கினரைப் பட்டம் பெற்று 3 ஆண்டு கழிந்தோரும், அவ்வளவினரை ஆசிரியரும் தெரிந்தெடுத்தனர். ஆதலின் திருப்பூர் நகராட்சி உறுப்பினர்க்கும், பனியன் கம்பெனியிற் கணக்கெழுதும் பட்டதாரிக்கும் அக்காலத்தில் அதன் தேர்தலில் வாக்கிருந்தது. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை மேற்சபை முதன்முறை 3 மாதமும் மறுமுறை 1 மாதமும் தாமதிக்கலாம். அடியோடு தடுத்தல் இயலாது.

சட்டசபையின் மொத்த உறுப்பினரிற் பெரும்பான்மையோரும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரும் இசைந்து தீர்மானித்தால், பாராளுமன்றம் சட்டஞ்செய்து மேற்சபையை நீக்கலாம் என்பது 169ஆம் பிரிவு. 1986இல் அவ்வாறே அது நீங்கிற்று. 2010இல் மீண்டும் வேண்டுமெனத் தீர்மானித்தனர். 2011இல் புதிய சட்டசபை வேண்டாமென்றது. ஒருமுறையேனும் மக்கள் இதுபற்றி நேரில் வாக்களித்திலர்.

ஆகவே சட்டசபைத் தேர்தலில் நாம் இடும் வாக்கு, சட்டம் செய்வோரை மட்டுமன்றி, அது செய்யப்படும் முறையையும் தெரிந்தெடுப்பதாகும். மாணவர் இதனை மறவாதிருப்பாராக.