சிங்க்ல தண்ணி நிக்குதா? ஆசிட் பாட்டிலைத் தொடும் முன் இதைப் படிங்க!

பாத்திரம் கழுவிட்டு நிமிர்ந்து பார்த்தா, சிங்க்ல பாதி அளவுக்கு அழுக்குத் தண்ணி. குளிச்சு முடிச்சா கணுக்கால் வரைக்கும் சோப்பு நுரை. உடனே நம்ம கை போறது பாத்ரூம் மூலையில இருக்கிற ஆசிட் பாட்டிலுக்கோ, ரீல்ஸ்ல பார்த்த 'ஆப்ப சோடா - வினிகர்' டெக்னிக்குக்கோதான். ரெண்டுலயும் ஒரே பிரச்னை. அடைப்பு எங்கே இருக்குன்னே தெரியாம வைத்தியம் பார்க்கிறோம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இருக்கிற பழைய வீட்டுக்கும், ஓ.எம்.ஆர் அபார்ட்மென்ட்டுக்கும் பைப் வேற, அடைப்பு வர்ற இடம் வேற, எடுக்கிற முறையும் வேற. தப்பான வைத்தியம் பைப்பைக் கெடுக்கும். சில நேரம் உயிரையே எடுத்துடும். அதனால கண்டுபிடிக்கிறதுல இருந்து ஆரம்பிப்போம்.

அடைப்பு எங்கே இருக்கு?

காசு செலவு இல்லாத ஒரு டெஸ்ட். வீட்ல இருக்கிற எல்லா இடத்துலயும் ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க.

* ஒரே ஒரு இடத்துல மட்டும் தண்ணி நின்னா, அடைப்பு அதுக்கு நேர் கீழேதான் இருக்கு. இதை நீங்களே எடுத்துடலாம்.

* வாஷ்பேசின் தண்ணியைத் திறந்தா பாத்ரூம் தரையில இருந்து தண்ணி பொங்குதா? ரெண்டும் சேர்ற பைப்ல அடைப்பு. இதுக்கு ஸ்பிரிங் வெச்சிருக்கிற பிளம்பர் வேணும்.

* நீங்க தண்ணியே பயன்படுத்தாதப்ப உள்ளே இருந்து அழுக்குத் தண்ணி மேலே வருதா? பொதுவான பைப்லயோ, வெளியே சேம்பர்லயோ அடைப்பு. வீட்டுக்குள்ளே என்ன ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

எப்படி அடைக்குது?

கிச்சன்ல முதல் குற்றவாளி எண்ணெய். சூடா இருக்கும்போது தண்ணி மாதிரி ஓடும். உள்ளே போய் ஆறினதும் பைப் சுவர்ல படலமா ஒட்டிக்கும். அதுமேல சாதப் பருக்கை, டீத்தூள், தேங்காய்த் துருவல், மாவு கழுவின தண்ணியோட வண்டல்னு ஒவ்வொண்ணா சேரும். 

பாத்ரூம்ல முடியும் சோப்பும் கூட்டணி. நம்ம ஊர்ல நிறைய வீடுகளுக்கு வர்றது போர்வெல் உப்புத் தண்ணி. அதுல இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட சோப்பு சேர்ந்தா, கரையாத வெள்ளைப் படிவமா மாறிடும். முடி வலை மாதிரி நிக்க, இந்தப் படிவம் அதுல போய் உட்கார்ந்துக்கும். 

சிங்க், வாஷ்பேசின்: 15 நிமிஷ வேலை

கீழே குனிஞ்சு பாருங்க. வாஷ்பேசினுக்குக் கீழே குடுவை மாதிரி ஒண்ணு தொங்கும், இல்லைன்னா பைப் 'யு' மாதிரி வளைஞ்சிருக்கும். இதுதான் ட்ராப். இதுக்குள்ளே எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தமும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள்ளே வராம தடுக்கிறது அந்தத் தண்ணிதான். முக்கால்வாசி அடைப்பு உட்கார்ற இடமும் இதேதான்.

1. கீழே ஒரு பக்கெட் வைங்க. கையில கிளவுஸ் போட்டுக்கோங்க.

2. குடுவையோட அடிப்பாகத்தைக் கையால திருகினாலே கழலும். உள்ளே இருக்கிற வாஷர் எப்படி இருந்துச்சுன்னு கழட்டினதும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

3. உள்ளே இருக்கிற சேறை பழைய பிரஷ் வெச்சு சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டுங்க. இறுக்கணும்னு ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக் மரை போயிடும். கை இறுக்கமே போதும்.

4. தண்ணி விட்டு, கசிவு இருக்கான்னு டிஷ்யூ பேப்பரைச் சுத்திப் பாருங்க.

கழட்ட முடியலைன்னா ரப்பர் பம்ப். அந்தக் கப் மூழ்குற அளவுக்கு சிங்க்ல தண்ணி இருக்கணும். வாஷ்பேசின் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டையை ஈரத்துணியால அடைங்க. அதை அடைக்காம எத்தனை தடவை அழுத்தினாலும் காத்து அந்த வழியா போயிடும். 15, 20 தடவை வேகமா அழுத்திட்டு, கடைசியில சரக்குன்னு இழுங்க.

பாத்ரூம், டாய்லெட்

பாத்ரூம் தரையில இருக்கிற ஜாலியைத் தூக்கினா, பெரும்பாலான புது வீடுகள்ல உள்ளே ஒரு கப் இருக்கும். அதையும் தனியா எடுக்கலாம். ரெண்டு பக்கமும் முள் மாதிரி பல்லு வெச்ச நீளமான பிளாஸ்டிக் பட்டை ஆன்லைன்ல கிடைக்குது. அதை உள்ளே விட்டு மெதுவா இழுத்தா, முடி கொத்தா வெளியே வரும். சுத்தம் பண்ணினதும் கப்பை மறக்காம திரும்பப் போடுங்க. இல்லைன்னா நாத்தம் வரும்.

டாய்லெட்ல தண்ணி ஏறி நின்னா மறுபடியும் ஃப்ளஷ் பண்ணாதீங்க. மட்டம் இறங்கட்டும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணியை ஒரே வேகத்துல ஊத்திப் பாருங்க. சரியாகலைன்னா டாய்லெட்டுக்குன்னு வர்ற பம்ப். நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ் மாதிரி ஏதாவது விழுந்திருந்தா குச்சியை வெச்சு உள்ளே தள்ளக் கூடாது. வெளியே எடுக்கத்தான் பார்க்கணும். கொதிக்கிற தண்ணியை ஊத்தினா பீங்கான் விரிசல் விடலாம்.

பழைய வீடா? சேம்பர் மூடியைத் திறந்து பாருங்க

பழைய வீடுகள்ல மண்ணுக்குள்ளே போறது பெரும்பாலும் சுட்ட மண்ணால் ஆன ஸ்டோன்வேர் பைப். ரெண்டு ரெண்டு அடி துண்டுகளை சிமென்ட் வெச்சு இணைச்சிருப்பாங்க. பைப் நல்லா உழைக்கும். பலவீனம் அந்த ஜாயின்ட்தான். காலப்போக்குல அதுல விரிசல் விட, ஈரத்தைத் தேடி வர்ற வேப்ப மரத்தோட, அரச மரத்தோட வேர் உள்ளே நுழைஞ்சுடும். 

இங்கே ஒரு எளிய சோதனை இருக்கு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல இருக்கிற சேம்பர் மூடியைத் தள்ளி நின்னு திறங்க. குனிஞ்சு தலையை உள்ளே விடாதீங்க. பக்கத்துல நெருப்பு, சிகரெட் கூடாது. சேம்பர் காஞ்சு கிடந்தா, வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவுல அடைப்பு. அது உங்க வேலை. சேம்பர் நிரம்பி நின்னா, தெருப் பக்கம் அடைப்பு. சென்னையில குடிநீர் வாரியத்தோட 1916 எண்ணுக்கும், மற்ற ஊர்கள்ல மாநகராட்சி, நகராட்சிக்கும் புகார் கொடுக்கணும்.

மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினா அன்னிக்குத் தண்ணி போயிடும். ஆனா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல அடைச்சா, வேர் வந்திருக்கு அல்லது பைப் இறங்கியிருக்குன்னு அர்த்தம். சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிற சர்வீஸ் இப்ப இருக்கு. எந்த இடம்னு பார்த்துட்டு, அந்தத் துண்டை மட்டும் தோண்டி மாத்துறதுதான் லாபம்.

மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்பை கழிவுநீர் சேம்பர்ல இணைச்சிருந்தா முதல்ல அதைப் பிரிங்க. ஐப்பசி மழையில வீட்டுக்குள்ளே சாக்கடை பொங்க அதுவும் ஒரு காரணம்.

அபார்ட்மென்ட்டா? கீழ் வீட்டுக்காரரைக் கேளுங்க

புது வீடுகள்ல பி.வி.சி பைப். வழவழப்பா இருக்கிறதால லேசுல அடைக்காது. ஆனா சூடு தாங்காது. சுமார் 60 டிகிரிக்கு மேல போனா இளக ஆரம்பிக்கும். அதனால சாதம் வடிச்ச கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்ல ஊத்தாதீங்க. எண்ணெய்ப் பிசுக்கு போகணும்னா கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, கொஞ்சம் பாத்திர சோப்பு போதும்.

மாடி வீடுகளோட கழிவு எல்லாம் ஒரே செங்குத்துப் பைப்ல இறங்குது. அது கீழே அடைச்சா, முதல்ல பாதிக்கப்படுறது தரைத்தள வீடு. நாலாவது மாடியில வாஷிங் மெஷின் ஓட, கீழ் வீட்டுக் கிச்சன்ல நுரை பொங்கும். இந்த நேரத்துல செய்ய வேண்டிய முதல் வேலை, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல 'யாரும் தண்ணி விடாதீங்க'ன்னு ஒரு மெசேஜ். பொதுப் பைப்போட செலவும் எல்லாருக்கும் பொதுதான்.

சோடாவா, ஆசிட்டா?

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்தா புஸ்ஸுனு நுரை வரும். அது கார்பன் டை ஆக்ஸைடு. ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கிட்டு, மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. லேசான நாத்தத்துக்கு ஓகே. முடிக்கொத்து அசையாது.

கடையில விக்கிற டிரெய்ன் கிளீனர் பவுடர்ல பெரும்பாலும் இருக்கிறது காஸ்டிக் சோடா. எண்ணெயையும் முடியையும் கரைக்கும். கண்ணுல பட்டா கண்ணையும் பாதிக்கும். தண்ணி சுத்தமா போகாத பைப்ல போட்டா அங்கேயே நின்னு சூடாகும். போட்ட பிறகு பிளம்பரைக் கூப்பிட்டா, ட்ராப்பைக் கழட்டும் முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க. இல்லைன்னா அது அவர் முகத்துல தெறிக்கும். 

ஆசிட் எண்ணெயைக் கரைக்காது. ஆனா சிமென்ட் ஜாயின்ட்டையும் மொசைக் தரையையும் அரிக்கும். ஆசிட்டையும் பிளீச்சையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒண்ணா ஊத்தாதீங்க. குளோரின் வாயு வரும். கதவு மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

யாரையும் குழிக்குள்ளே இறக்காதீங்க

செப்டிக் டேங்க் நிரம்பினாலோ, பெரிய சேம்பர் அடைச்சாலோ 'ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து இறக்கிடலாம்'னு சொல்ற பழக்கம் இன்னும் இருக்கு. உள்ளே இருக்கிறது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாசனை. அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. அதனால 'நாத்தம் இல்ல, இறங்கலாம்'ங்கிற கணக்கு தப்பு. ஒருத்தர் மயங்கி விழ, காப்பாத்த இறங்கினவரும் இறந்துபோன செய்திகளை நாம அடிக்கடி படிக்கிறோம்.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாம ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்கிச் சுத்தம் செய்யவைக்கிறது குற்றம். இறக்கினவர் வீட்டு உரிமையாளரா இருந்தாலும் சரிதான். முதல் தடவைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இப்படி இறந்தவர்களோட குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் 30 லட்சமா உயர்த்துச்சு. மெஷின் வெச்ச லாரிக்கு 14420-ல கூப்பிடலாம்.

அடைப்பே வராம இருக்க...

* எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும் முன்னாடி பழைய நியூஸ்பேப்பரால துடைச்சுடுங்க.
* சிங்க் ஓட்டைக்கு ஒரு ஸ்டீல் வலை போடுங்க. 
* வாரம் ஒரு தடவை பாத்ரூம் ஜாலியைத் தூக்கி முடியை எடுங்க.
* டாய்லெட்ல தண்ணியையும் கழிவையும் தவிர வேற எதையும் போடாதீங்க. 'ஃப்ளஷபிள்'னு எழுதியிருக்கிற வைப்ஸையும்தான்.
* பயன்படுத்தாத பாத்ரூம்ல நாத்தம் வந்தா, பெரும்பாலும் அது அடைப்பா இருக்காது. ட்ராப்ல தண்ணி காஞ்சிருக்கும். ஒரு மக் தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்.