பிராணவாயு எதற்கு?

நெடுநாள் மூடிக்கிடந்த தானியக் குழியிலோ பாழுங்கிணற்றிலோ இறங்கியவன், கூவி அழைக்கவும் சக்தியின்றிச் சாய்ந்துவிடுகிறான். அவனைத் தூக்கப் போன தம்பியும் அவன் பக்கத்திலேயே விழுகிறான். இத்தகைய விபத்தைக் கேள்விப்படாத கிராமவாசிகள் சிலரே. ‘முனி அடித்துவிட்டது’ என்று சொல்வாரும் உண்டு. அடித்தது முனியல்ல, உள்ளே பிராணவாயு குறைந்து போனதே காரணமாகும். உயிருக்குப் பிராணவாயு எதற்கு என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், இவ்விபத்துகளைத் தடுக்கலாம். விதையையும் பயிரையும் காக்கலாம்.

ஆகாரமே விறகு

100 பங்கு காற்றில் சுமார் 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் அது சுமார் 16 பங்காகக் குறைந்து, கரியமில வாயு சுமார் 4 பங்காக ஏறுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழல் வழியாக ஊதினால், நீர் பால்போல் வெளுக்கும். அது கரியமில வாயுவின் அடையாளம். விறகு எரியும்போதும் இவ்வாயுவே உண்டாகிறது.

1780ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிரான்சு தேசத்து லவாய்சியர், லாப்லாஸ் என்னும் இரு அறிஞர்கள், பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை வைத்து, உருகிய நீரை அளந்தனர். அது வெளிவிடும் அளவு கரியமில வாயுவை உண்டாக்கக் கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்றும் பார்த்தனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. சுவாசம் என்பது ஒருவகை மெதுவான எரிதலே என்று அவர்கள் கண்டனர்.

ஆனால் உடலில் சுவாலை இல்லை. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி, இரத்தத்தின் வழியே ஒவ்வோர் உயிரணுவையும் அடைகிறது. அங்கே அது படிப்படியாகச் சிதைகிறது. அப்போது எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் கைமாறிக் கைமாறி இறங்குகின்றன. வாய்க்காலில் இறங்கும் நீர் சக்கரத்தைச் சுற்றுவது போல, அவை இறங்கும் வேகமே உயிருக்கு வேண்டிய சக்தியாகிறது. வாய்க்காலின் கடைமடையில் நின்று அவற்றை ஏற்றுக்கொள்வது பிராணவாயு. ஏற்றபின் அது நீராக மாறுகிறது. கடைமடை அடைபட்டால் வாய்க்கால் முழுவதும் தேங்கிச் சக்கரம் நின்றுவிடும்.

பிராணவாயு இன்றியும் சர்க்கரையைச் சிதைக்கலாம். கள்ளைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் அதில் ஆதாயம் அற்பம். உயிரணுவின் செலாவணி என்று சொல்லத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருள், ஒரு சர்க்கரை மூலக்கூற்றிலிருந்து பிராணவாயு இருந்தால் சுமார் 30 கிடைக்கும். இல்லாவிடில் 2 மட்டுமே. மிச்சமுள்ள சக்தி சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. சாராயம் தீப்பற்றி எரிவதே இதற்குச் சாட்சி. நுண்ணுயிருக்கு இச்சிறு வருமானம் போதும்; மனிதனின் மூளைக்குப் போதாது. அது சில நிமிஷங்களே தாங்கும்.

விதையும் வேரும் சுவாசிக்கின்றன

முளைகட்டிய பயற்றை ஒரு பாத்திரத்தில் இட்டு, காற்றுப் புகாமல் ஓரிரவு மூடிவைத்துத் திறந்து, எரியும் தீக்குச்சியை உள்ளே விட்டால் அணைந்துவிடும். பயறு பிராணவாயுவைச் செலவழித்துவிட்டது. ஈரமான நெற்குவியல் உள்ளே சூடேறுவதும் இந்தச் சுவாசத்தினாலேயே. பூஞ்சணமும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஆகையால் விதைநெல்லை நன்றாக உலர்த்தியே சேமிக்கவேண்டும்.

வேரும் அப்படியே. நெற்பயிரின் தண்டில் காற்றுக் குழாய்கள் இருப்பதால் அது நீரில் நிற்கிறது. பருத்திக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி போதாது; தேங்கிய நீரில் வேர் மூச்சு முட்டி அழுகும். அப்பயிர்களுக்கு வடிகால் அவசியம்.

குழியில் இறங்குமுன்

தானியமும் வண்டும் பூஞ்சணமும் சுவாசித்துச் சுவாசித்து, மூடிய குழியின் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. வண்டு சாவதும் தானியம் பிழைப்பதும் இதனாலேயே. வண்டைக் கொல்லும் அதே காற்று மனிதனையும் கொல்லும். பிராணவாயு மிகக் குறைந்த காற்றை இரண்டு மூன்று முறை இழுத்தாலே நினைவு தப்பும். கூவ அவகாசம் இராது.

மூடியைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமுள்ளது, அடியில் தங்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்பலாகாது. விஷவாயு இருந்தும் விளக்கு எரியலாம். எரிவாயு இருந்தால் விளக்கே வெடிவிபத்தை உண்டாக்கும். புதுக்காற்றைச் செலுத்தி, வாயுவை அளக்கும் கருவியால் பரீட்சித்த பின்னரே ஒருவர் இறங்கவேண்டும். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க, மேலே ஆட்கள் நிற்கவேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பாசத்தினால் பின்னே குதிக்கலாகாது. கட்டிய கயிற்றால் மேலிருந்தே இழுக்கவும். இயலாவிடில் தீயணைப்புப் படையினரை உடனே அழைக்கவும். இவ்விஷயத்தை அடுத்த சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கூட்டத்திற்கு வராத குடும்பங்களுக்கும் அங்கத்தினர்கள் எடுத்துச் சொல்வார்களாக.