பெங்களூருக்குக் குடிபோகிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததுமே மதுரையிலும் திருச்சியிலும் நெல்லையிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "பெங்களூர்ல எந்த ஏரியா நல்லது?" ஏற்கெனவே அங்கே இருக்கும் சித்தி மகனோ கல்லூரித் தோழியோ தான் குடியிருக்கும் ஏரியாவைச் சொல்வார். அதுவே வேதவாக்காகி, புரோக்கரிடம் அட்வான்ஸும் போய்விடும்.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. அந்த ஊரில் ஏரியாவின் பெயர் வாடகையைத்தான் சொல்லும். ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அடுக்ககங்களில் ஒன்றுக்குக் காவிரி வரும், மற்றொன்றுக்கு லாரி வரும். பார்க்க வேண்டியது அந்தக் கட்டடத்தை, அதன் வாசலிலிருந்து ஆபீஸ் போகும் வழியை.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிப்போம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்து ஏற்றித்தான் காவிரியைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் குழாய் பழைய ஊருக்குப் போட்ட குழாய். 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளோடு 110 கிராமங்களையும் மாநகராட்சியில் சேர்த்தார்கள். ஐ.டி. கம்பெனிகளும் அடுக்ககங்களும் பெருகியது அந்த விளிம்புகளில்தான். குழாய் மட்டும் கூடவே போகவில்லை. எல்லாரும் போர் போட்டார்கள். ஆயிரம் அடி தாண்டியும் துளைத்தார்கள்.

2024 மார்ச்சில் அந்த போர்களில் பல வற்றின. கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளில் இருப்பவர்கள்கூட பக்கெட்டை எண்ணிக் குளித்தார்கள். லாரிக்காரர்கள் கேட்டதுதான் விலை என்றானதும், ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு போட வேண்டிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. அந்த 110 கிராமங்களுக்காகவே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தெருவுக்குக் குழாய் வந்தாலும், அடுக்ககம் விண்ணப்பித்துப் பணம் கட்டினால்தான் இணைப்பு.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது, தமிழ்நாட்டின் பங்கு குறைந்தது. தஞ்சாவூர்க்காரருக்கு அது கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் அங்கே வாடகைக்குப் போனால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "காவேரி நீரு பருத்தா?" என்பதைத்தான். பதில் எப்போதும் ஆமாம் என்றுதான் வரும். அதோடு விடாதீர்கள். குடிநீர் வாரியத்தின் மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எவ்வளவு பெரிது, மெயின்டனன்ஸில் லாரிக் காசு தனியா என்று கேளுங்கள். குளியலறைக் குழாய்களில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் அது போர் தண்ணீர். புரோக்கர் சொல்லாததை வாட்ச்மேன் சொல்வார். முடிந்தால் மார்ச், ஏப்ரலில் வீடு பாருங்கள். டிசம்பர்க் குளிரில் பார்த்தால் அந்த ஊரில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

மழையையும் விசாரித்துவிடுங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் வில்லாக்களில் இருந்தவர்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். ஏரிகளை இணைத்த ராஜகால்வாய்களை அடைத்துக் கட்டியதன் பலன் அது. பக்கத்தில் ஏரி இருந்தால் ஜன்னல் காட்சியை மட்டும் பார்க்காமல், அதன் உபரி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரருக்கு அது மனப்பாடம்.

அடுத்தது தூரம். பெங்களூரில் கிலோமீட்டர் ஓர் அளவே அல்ல. சில்க் போர்டு சந்திப்பை ஒருமுறை காலை ஒன்பது மணிக்குக் கடந்தவருக்கு இது புரியும். கணவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, மனைவிக்கு வொயிட்ஃபீல்டில் வேலை என்று வைத்துக்கொள்வோம். இது மிகச் சாதாரணமான குடும்பம். இவர்கள் வரைபடத்தை விரித்து நடுவில் ஒரு புள்ளி வைப்பார்கள். அது சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் விழும். அந்த நடுப்புள்ளியில் 2025 முடியும்வரை மெட்ரோ ஓடவில்லை. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் போகும் தடத்தில் வேலை நடந்துகொண்டே இருந்தது. ஆகவே இருவருக்கும் சமமாகத் தொல்லை.

என் கட்சி வேறு. ஒருவர் ஆபீஸுக்கு அருகே வீடு எடுங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்துவருவது யாரோ, அவர் ஆபீஸுக்கு அருகே. நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் மனைவி. வீடு மட்டும் பெரும்பாலும் கணவனின் ஆபீஸ் பக்கம் அமைந்துவிடுகிறது! மற்றவர் மெட்ரோவில் போகட்டும். வொயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை ஊதாத் தடம் 2023 அக்டோபர் முதல் முழுமையாக ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு வர மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாற வேண்டும். சுற்றுவழிதான். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடியும். ஸ்டேஷனிலிருந்து வீடு நடக்கும் தூரமா என்று நடந்தே பாருங்கள். 'மெட்ரோ அருகில்' என்று புரோக்கர் சொல்வது அவருடைய ஸ்கூட்டர் கணக்கு.

பண விஷயம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்ற பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. பேரம் பேசினால் இறங்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அதை முதல் நாளே பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் எல்லா ஒப்பந்தமும் பதினொரு மாதம். நம் ஊர் ஒத்தி அங்கே 'லீஸ்'. மொத்தப் பணம் கொடுத்தால் வாடகை இல்லை என்பது ஆசை காட்டும். வீட்டுக்காரர் யார், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று ஆவணத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். புது ஊர்க்காரருக்கு வாடகைதான் நல்லது, அதுவும் குறைந்தது முதல் வருஷம்.

பிள்ளைகள் இருந்தால் பள்ளியில் கன்னடம் எந்த வகுப்பிலிருந்து, எப்படி என்று முன்கூட்டியே கேளுங்கள். கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடத்தை ஒரு மொழியாகக் கற்பிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை விளையாட்டாகப் பிடித்துக்கொள்ளும்; எட்டாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாடு. வண்டி விஷயமும் அப்படித்தான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நம் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., அங்கே சாலை வரி என்று அலைய வேண்டும். பழைய காராக இருந்தால் இங்கேயே விற்றுவிட்டுப் போவது மேல்.

தமிழர்கள் அதிகம் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டுமா? அல்சூர், விவேக்நகர், ஸ்ரீராம்புரம் என்று பழைய தமிழ்ப் பகுதிகள் உண்டுதான். அல்சூர் ஏரியருகே 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் இருக்கிறது. பேச்சுத்துணைக்கு அதெல்லாம் சரி, ஆனால் அதற்காக ஆபீஸுக்கு இரண்டு மணி நேரம் போய்வரத் தேவையில்லை. பத்துக் கன்னட வாக்கியம் கற்றுக்கொண்டால் எந்தத் தெருவிலும் காலம் தள்ளலாம்.

தமிழ்நாட்டுக்காரர் உண்மையில் கணக்கில் எடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு. ஆம்னி பஸ்கள் மடிவாளா, சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று ஓசூர் சாலை நெடுக ஆள் ஏற்றிக்கொண்டு தெற்கே வருகின்றன. எலகங்காவிலோ ஹெப்பாளிலோ குடியிருப்பவர் அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்கே ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். வயதான பெற்றோர் ஊரில் இருக்க, மாதம் இரண்டுமுறை வர வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. மதுரைக்கும் கோவைக்கும் போகும் வந்தே பாரத் ரயில்கள் கன்டோன்மென்டிலிருந்து புறப்படுகின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசாம ஓசூர்லயே இருந்துட்டா?" என்பவர்கள் உண்டு. வேலை எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ ஜிகனியிலோ என்றால் தாராளமாக யோசிக்கலாம். பொம்மசந்திரா மெட்ரோ இருபது கிலோமீட்டருக்குள். பிள்ளை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தொடரும், ரேஷன் கார்டை மாற்ற வேண்டியதில்லை. 2019-இல் மாநகராட்சியான பிறகு ஊரும் வேகமாக வளர்கிறது, வாடகையும் கூடவே. ஆனால் அத்திப்பள்ளி எல்லையில் காலையும் மாலையும் நிற்கும் வண்டி வரிசையை ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலையை வொயிட்ஃபீல்டில் வைத்துக்கொண்டு வாடகை மலிவு என்று ஓசூரில் பால் காய்ச்சுபவர்கள், பெரும்பாலும் அடுத்த ஏப்ரலில் மறுபடி புரோக்கரைத் தேடுகிறார்கள்.