யூ0140: ஒரு பழுதின் கணக்கு

ஸ்கேனரில் யூ0140 என்று வந்தால், பாடி கண்ட்ரோல் மாட்யூலுடன், சுருக்கமாக பிசிஎம்முடன், தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். யூ0100 என்ஜின் மாட்யூலுக்கு, யூ0121 ஏபிஎஸ்ஸுக்கு, யூ0151 ஏர்பேக்குக்கு. இது அதே வரிசையில் வருவது. இக்குறியீட்டைப் பதிவது பிசிஎம் அல்ல. அதன் செய்தியை எதிர்பார்த்து ஏமாந்த மற்ற மாட்யூல்களே பதிகின்றன. ஆகவே முதலில் எண்ண வேண்டியது, எத்தனை மாட்யூல்கள் புகார் சொல்கின்றன என்பதை. ஒரே வலையில் 5 மாட்யூல்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் மற்ற நான்கின் செய்தியையும் கேட்பதாகவும் கொள்வோம். பிசிஎம் மட்டும் பேசாவிட்டால் பதிவாகும் குறியீடுகள் 4. வலை முழுவதும் அறுந்திருந்தால் 5 × 4 = 20. ஒரே ஒரு மாட்யூல் மட்டும் பிசிஎம்மைக் காணவில்லை என்றால் 1. அந்த நிலையில் பிசிஎம்மைத் தொடுவதற்கு முன் புகார் சொன்ன மாட்யூலின் கனெக்டரைப் பார்ப்பதே முறை. நடைமுறையில் எல்லா மாட்யூலும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. 20 என்பது அதில் பாதியாகவும் குறையலாம். மேலும், வலை செத்துக் கிடக்கும்போது ஸ்கேனரே உள்ளே நுழையாது. அந்த 20-ஐ வலை மீண்ட பிறகு பழைய பதிவாகத்தான் படிக்க முடியும்.

அடுத்த எண் 9 வோல்ட். வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரம் 12 வோல்ட் வண்டிகளுக்கு 4 மின்னழுத்த வகுப்புகளை வைத்திருக்கிறது. கீழெல்லை முறையே 6, 8, 9, 10.5 வோல்ட், மேலெல்லை நான்குக்கும் 16 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 15 விநாடி சுமைச் சோதனையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல். அந்த 9.6-ல் நிற்கும் பேட்டரி, 9 வோல்ட் வகுப்பு மாட்யூலுக்கு 0.6 வோல்ட் மிச்சம் வைக்கிறது, 10.5 வோல்ட் வகுப்புக்கு 0.9 வோல்ட் பற்றாக்குறை. பலவீனமான பேட்டரியோடு ஒருமுறை ஸ்டார்ட் செய்ததே ஒரு பழைய யூ0140-க்குப் போதுமான காரணமாகலாம். பேட்டரியைச் சரிசெய்து, குறியீட்டை அழித்து, அது திரும்புகிறதா என்று பார்க்கும் வரை அடுத்த படிக்குப் போவதில் லாபமில்லை.

பேட்டரி நலமாக இருந்தும் குறியீடு திரும்பினால், மின்சாரம் பிசிஎம்மின் பின் வரை வருகிறதா என்ற கேள்வி எழுகிறது. அதிகம் தவறாக அளக்கப்படுவது இந்த இடம்தான். பொதுவான டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை 1 கோடி ஓம். கனெக்டரைக் கழற்றிவிட்டு மின்வரவுப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் மீட்டரை வைத்தால், வழியில் எங்கோ துருப்பிடித்து 10,000 ஓம் மின்தடை இருந்தாலும் 12.4 வோல்ட் பேட்டரிக்கு மீட்டர் 12.39 வோல்ட் காட்டும். வித்தியாசம் 0.01 வோல்ட். அதைக் கண்டு 'சப்ளை சரி, மாட்யூல் போச்சு' என்று முடிவு கட்டுபவரைக் குறை சொல்ல முடியாது. மீட்டர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்தால் நிலைமை மாறுகிறது. 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். அதாவது அதன் மின்தடை சுமார் 6.9 ஓம். வழியில் 10,000 ஓம் இருந்தால் ஓடும் மின்னோட்டம் 1.24 மில்லி ஆம்பியர், பல்பு எரியாது.

10,000 ஓம் முற்றிய நிலை. சிக்கலானது 1 ஓம். பல்பின் மின்தடை மாறாது எனக் கொண்டால், 1 ஓம் கோளாறுடன் ஓடுவது 1.58 ஆம்பியர்; பல்புக்குக் கிடைப்பது 10.8 வோல்ட். பல்பு எரியும், கண்ணுக்குப் பெரிய குறையும் தெரியாது. மீட்டரைப் பல்பின் இரு முனைகளிலும் வைத்தால்தான் 1.6 வோல்ட் காணாமல் போனது தெரியும். கோளாறு 0.1 ஓமாக இருந்தால் இழப்பு 0.18 வோல்ட் மட்டுமே. எர்த் பக்கம் மட்டும் தனியாக அளக்கும்போது 0.1 வோல்ட் வரை பொறுக்கலாம் என்பது ஒர்க்‌ஷாப் வழக்கு. 1.78 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.1 வோல்ட், 0.056 ஓமுக்குச் சமம். மீட்டரின் ஒயர்களே அதைவிடக் கூடுதல் மின்தடை கொண்டவை. ஆகவே எர்த்தை ஓமில் அளந்து பயனில்லை, சுமை கொடுத்து வோல்ட்டில் அளக்க வேண்டும்.

மின்வரவும் எர்த்தும் சரி என்றால் மிஞ்சுவது, மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் வலையின் 2 கம்பிகள்: கேன்-ஹை, கேன்-லோ. கேன் வலையின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் மின்தடை உண்டு. இணையாக இருப்பதால் நடுவில் எங்கு அளந்தாலும் 60 ஓம். ஐஎஸ்ஓ 11898-2 தரம் 50 முதல் 65 ஓம் வரை ஏற்கிறது. ஓபிடி சாக்கெட்டின் 16 பின்களில் 6-க்கும் 14-க்கும் இடையே இதை அளப்பார்கள். பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. 120 ஓம் வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 40 ஓம் வந்தால் மூன்றாவதாக ஒரு 120 ஓம் நுழைந்திருக்கிறது. பொருந்தாத மாட்யூல் மாட்டிய வண்டிகளில் இது நடக்கும். 0-வை ஒட்டி வந்தால் 2 கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

ஆனால் 60 ஓம் என்ற சரியான எண்ணே பெரும்பாலும் தவறான ஆறுதல். முனைகளில் இல்லாத மாட்யூல்கள் மையக் கம்பியிலிருந்து பிரியும் கிளைகளில் தொங்குகின்றன. பிசிஎம் அப்படி ஒரு கிளையில் இருந்து, அந்தக் கிளை அறுந்தால், சாக்கெட்டில் அளக்கும் 60 ஓம் அசையாது. பிசிஎம்மே ஒரு முனையாக இருக்கும் வண்டியில் கணக்கு வேறு: அதன் கனெக்டரைக் கழற்றியதும் 60 என்பது 120 ஆக வேண்டும். கழற்றும் முன்பே 120 இருந்து, கழற்றிய பிறகும் அது மாறாவிட்டால், சாக்கெட்டுக்கும் அந்த மாட்யூலுக்கும் இடைப்பட்ட வழியோ அதன் உள்ளிருக்கும் மின்தடையோ அறுந்திருக்கிறது. ஆகவே இரண்டாவது அளவை பிசிஎம்மின் கனெக்டரில், ஒயரிங் பக்கத்துப் பின்களில் எடுக்க வேண்டும். கிளை நலமாக இருந்தால் அங்கும் 60. அறுந்திருந்தால் மீட்டர் எல்லையற்ற மின்தடை காட்டும். புதிய வண்டிகள் பலவற்றில் சாக்கெட்டுக்கும் பிசிஎம்முக்கும் இடையே கேட்வே மாட்யூல் ஒன்று இருக்கிறது. அவற்றில் 6, 14 பின்கள் கேட்வே வரையிலான கம்பியைத்தான் அளக்கும். ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் பாடி வலை 3, 11 பின்களில் 125 கிலோபிட் வேகத்தில் ஓடியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஒற்றைக் கம்பி வலை 1-ஆம் பின்னில், 33.3 கிலோபிட்டில். ஒற்றைக் கம்பிக்கு 60 ஓம் கணக்கே பொருந்தாது.

ஆசிலோஸ்கோப் இருந்தாலும் பிசிஎம்மின் மௌனத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். 500 கிலோபிட் வலையில் ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ விநாடி. 8 பைட் கொண்ட சாதாரணச் செய்தி, இடைவெளியும் சேர்த்து, 111 முதல் 135 பிட். அதிகபட்சம் 270 மைக்ரோ விநாடி. பிசிஎம் 100 மில்லி விநாடிக்கு ஒரு செய்தி அனுப்பும் என்று வைத்தால் அது எடுத்துக்கொள்ளும் நேரம் 0.27%. மீதி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரில் கேன்-ஹை 2.7, கேன்-லோ 2.3 என்பதுபோல் வந்து கூட்டுத்தொகை 5 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வலை உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

கிளை அறுந்ததா, கம்பிகள் உரசுகின்றனவா என்பதைப் பிரிக்க 8 என்ற எண் உதவும். அனுப்பும்போது நேரும் ஒவ்வொரு பிழைக்கும் மாட்யூல் தன் கணக்கில் 8 கூட்டுகிறது. ஒவ்வொரு வெற்றிக்கும் 1 கழிக்கிறது. கணக்கு 255-ஐத் தாண்டினால் அது தானே வலையை விட்டு விலகும். தொடர்ந்து 32 பிழைகள் போதும். கம்பிகள் உரசும்போது இதுதான் நடக்கிறது. கிளை அறுந்து தனித்து நிற்கும் மாட்யூலுக்கோ பதில் சொல்ல ஆளில்லை. விதிப்படி அதன் கணக்கு 16 முயற்சிகளில் 128-ஐ எட்டி அங்கேயே நின்றுவிடும், விலகாது. அதனால் கனெக்டரை அசைத்ததும் இக்னிஷனை அணைக்காமலேயே தொடர்பு உடனே மீண்டால், ஐயம் கனெக்டர் மீதே விழ வேண்டும்.

கனெக்டர் மீதான ஐயத்துக்குப் பொதுப் பதிவில் ஒரு பெரிய எண் உண்டு: 24,40,524. ஜெனரல் மோட்டார்ஸ் 2014 மே 15 அன்று அமெரிக்காவில் திரும்ப அழைத்த கார்கள் அவை: 2004-2012 ஷெவர்லே மாலிபு, 2004-2007 மாலிபு மேக்ஸ், 2005-2010 போன்டியாக் ஜி6, 2007-2010 சாடர்ன் ஆரா. பிசிஎம்மின் இணைப்பில் நுண்ணிய உரசலால் அரிப்பு ஏற்பட்டு மின்தடை கூடியது. பிரேக் சென்சாரின் மின்னழுத்தம் தடுமாறி, மிதிக்காமல் பிரேக் விளக்கு எரிந்தது, மிதித்தும் எரியாமல் போனது. நிறுவனம் அப்போது குறிப்பிட்டவை 13 விபத்துகள், 2 காயங்கள். தொடர்பு முழுதாக அறுந்த பழுதல்ல இது; ஆனால் காரணம் உட்கார்ந்திருந்த இடம் ஒன்றே. தீர்வாக வைத்தது புது மாட்யூலை அல்ல: இணைப்பில் மின்கடத்தா கிரீஸ், ஒயரிங்குக்கு ஒரு பிடிப்பு, பிரேக் மிதியின் நிலையை மாட்யூலுக்கு மறுபடி கற்பித்தல். இதே கோளாறுக்காக 2009-ல் அழைக்கப்பட்டவை சுமார் 8,000 கார்கள். 5 ஆண்டில் எண்ணிக்கை ஏறத்தாழ 305 மடங்கு.

2014 மே 15 அன்று நிறுவனம் அறிவித்த 5 அழைப்புகளில் மொத்தம் 27,12,182 வண்டிகள். அவற்றில் 90% இந்தக் கனெக்டர் வண்டிகள். அக்காலாண்டின் திரும்ப அழைப்புப் பழுதுநீக்கத்துக்கு நிறுவனம் ஒதுக்கியது அதிகபட்சம் சுமார் 20 கோடி டாலர். அது முழுவதும் இந்த 5-க்கே என்று வைத்தாலும் வண்டிக்குச் சராசரி 74 டாலர். வேறு அழைப்புகளும் அதில் அடக்கம் என்பதால் உண்மைச் சராசரி அதற்கும் கீழே.

தனி ஆளின் செலவுக்கு வருவோம். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. அதற்கு முன் 28% கட்டிய பாகத்துக்கு, 15,000 ரூபாய் அடிப்படை விலையில், 19,200 ரூபாய் 17,700 ஆனது. கணக்குக்காக பிசிஎம் 17,700 ரூபாய், முழுச் சோதனைக் கூலி 1,500, கம்பி அல்லது கனெக்டர் பழுது 1,000 என்று வைப்போம். பத்து வண்டிகளில் 5-ல் மட்டும் மாட்யூல் கெட்டிருப்பதாகக் கொள்வோம். முதலில் மாற்றிவிட்டு, தீராதவற்றை மட்டும் பிறகு சோதித்தால் செலவு 1,77,000 + 12,500 = 1,89,500 ரூபாய். எல்லாவற்றையும் முதலில் சோதித்தால் 15,000 + 88,500 + 5,000 = 1,08,500. வித்தியாசம் 81,000 ரூபாய். பத்தில் 9 கெட்டிருந்தாலும் சோதிப்பதே 4,200 ரூபாய் மலிவு. இரண்டும் சமமாகும் புள்ளி 17,700 ÷ 19,200, அதாவது 92.2%. 'மாட்யூல்தான்' என்று அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே நேராக மாற்றுவது கட்டுப்படியாகும். யூ0140 மட்டும் அந்த உறுதியைத் தராது.

மாட்யூலின் விலை இறங்க இறங்க இந்தப் புள்ளியும் இறங்கும். 5,000 ரூபாய்க்குப் பழைய பிசிஎம் கிடைத்தால் 76.9%. ஆனால் பல வண்டிகளில் பிசிஎம் சாவித் தகவலையும் சேசிஸ் எண்ணையும் தன்னுள் வைத்திருக்கிறது. பழையதை அப்படியே மாட்டினால் என்ஜின் கிளம்பாமல் போகலாம். கோடிங் கூலி 3,000 ரூபாய் என்று சேர்த்தால் பழையதற்கு 84.2%, புதியதற்கு 93.2%.