பாரிஸில் பெரிய உணவகம்: பணம் எங்கே போகிறது?

பாரிஸின் உயர்தர உணவகம் ஒன்றில் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க ஆசையா? மதியம் போங்கள். சமையலறையும் தட்டும் கவனிப்பும் இரவில் கிடைப்பவைதான். வார நாட்களில் பல இடங்கள் தரும் மதிய மெனு, இரவு மெனுவைவிட வெகுவாக மலிவு. ஒன்று கவனியுங்கள்: அங்கே ‘மெனு’ என்றால் நிலையான விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு ‘கார்ட்’ என்று பெயர். மதியச் சலுகை பெரும்பாலும் மெனுவுக்குத்தான்.

சாப்பாடு ஒவ்வொன்றாக வரும். முதலில் நீங்கள் கேட்காமலேயே ஒரு வாய் அளவுக்கு ஏதாவது வரும். அதற்குக் காசு இல்லை. பிறகு தொடக்க உணவு, அதையடுத்து மீனோ இறைச்சியோ. இனிப்புக்கு முன்னால் சீஸ் வண்டி உருண்டு வரும். காபி இனிப்போடு வராது, அதற்குப் பிறகுதான். கூடவே குட்டிப் பலகாரங்கள். எல்லாம் முடிய இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் எப்போதும் இப்படிச் சாப்பிட்டவர்கள் அல்லர். பழைய விருந்துகளில் பல பண்டங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ‘ரஷ்ய முறை’ 19-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. சூடு ஆறாமல் ஒவ்வொன்றையும் உரிய நேரத்தில் அனுப்பப் பெரிய படை வேண்டும். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று சமையலறையைப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. இன்றும் பெரிய சமையலறைகள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரிய பங்கு இத்தனை பேரின் சம்பளத்துக்குப் போகிறது. ஆகவே விலையைப் பார்த்து ‘ஒரு துண்டு மீனுக்கா இவ்வளவு’ என்று கேட்பது சரியான கணக்கல்ல.

ஆனால் பணம் வீணாக நழுவும் இடங்களும் உண்டு. உட்கார்ந்ததும் ஷாம்பெயின் வண்டியோடு ஒருவர் புன்னகைப்பார். அது உபசாரமல்ல, விற்பனை. வேண்டாம் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அடுத்து, சாதாரணத் தண்ணீரா, வாயுத் தண்ணீரா என்று கேட்பார்கள். இரண்டுமே பாட்டில்தான், இரண்டுக்கும் காசு. ‘உன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். அதுவும் ரொட்டியும் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம். அது அந்நாட்டு விதி. சேவைக் கட்டணமும் வரியும்கூட அட்டையில் போட்ட விலையிலேயே சேர்ந்தவை. டிப்ஸ் உங்கள் விருப்பம், கடமை அல்ல.

ஒயின் குடிப்பவர்கள் பட்டியலில் ஒரு விலையை விரலால் தொட்டுக் காட்டி ‘இதுபோல ஒன்று’ என்றால் போதும். ஒயின் பொறுப்பாளர் புரிந்துகொள்வார், தொகையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல. பாட்டில் கெட்டிருக்கிறதா என்று பார்க்க.

எந்த உணவகம்? மிச்சலின் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் பலர் முடிவு செய்கிறார்கள். அதைத் தருவது, மிச்சலின் டயர் கம்பெனி 1900-இல் கார் ஓட்டிகளுக்காக வெளியிடத் தொடங்கிய கையேடு. நட்சத்திரம் 1926-இல் வந்தது. ஒன்று என்றால் தரமான சமையல், இரண்டு என்றால் வழியை மாற்றிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். சரவிளக்குக்கும் சன்னல் காட்சிக்கும் கிடையாது. செயின் நதிக்கரையில் நோத்ர தாமைப் பார்த்தபடி இருக்கும் லா தூர் தார்ஜான் உணவகம் இதற்கு நல்ல சான்று. அங்கே பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் 1890 முதல் வரிசை எண் போடுகிறார்கள். அவ்வளவு புகழ் இருந்தும் 1996-இல் மூன்றாவது நட்சத்திரமும், 2006-இல் இரண்டாவதும் போயின. வாத்துக்கு எண் போடுவது மட்டும் நிற்கவில்லை.

நம்மில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறித் தட்டிலும் எலும்புச் சாறு இருக்கலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி. முன்பதிவின்போதே, எதையெதை உண்பதில்லை என்று பெயர் பெயராக எழுதிவிடுங்கள். அல்லது ஆர்பேஜ் உணவகம் இருக்கிறது. அதன் தலைமைச் சமையல்காரர் அலென் பஸ்ஸார் 2001-இல் சிவப்பு இறைச்சியைக் கைவிட்டுக் காய்கறிக்கு மாறினார். மூன்று நட்சத்திரமும் தங்கின. 2025-இல் தேன் தவிர விலங்குப் பொருள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். விலை மட்டும் காய்கறி விலை அல்ல.

கடைசியாக, பில். கேட்காமல் அதை நீட்டுவது விருந்தினரை எழுப்பி அனுப்புவது போல என்று அங்கே நினைக்கிறார்கள். எனவே காபி ஆறிய பிறகும் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். கண்ணில் படுபவரிடம் ‘லாதிசியோன், சில் வூ ப்ளே’ என்று சொல்லுங்கள், வந்துவிடும்.